கணக்கில் வராத சூப்பான்

போன வாரம், சாப்பாட்டு மேசையில் மாமனார் கரண்டியை டங்கென்று வைத்துவிட்டு எழுந்து நின்றாரே, அந்த இடத்தில் விட்டோம். ஒரு வாரமாக அவர் அங்கேயே நிற்கிறார் என்று யாரும் கவலைப்பட வேண்டாம். எழுந்தார், ஓர் அறிவிப்பு செய்தார், உட்கார்ந்து இன்னொரு கிண்ணம் சூப் வாங்கிக் குடித்தார், போய்க் குறட்டை விட்டார். தூக்கம் போனதெல்லாம் மற்றவர்களுக்கு.

அறிவிப்பு இதுதான்:

"நாளைக்குக் காலையிலேருந்து இந்த வீட்ல சூப்பான் கிடையாது. ஒழிப்பு நடவடிக்கைக்கு நானே பொறுப்பு ஏத்துக்கறேன்."

பேத்தி எந்நேரமும் சப்புகிற ரப்பர் காம்புதான் சூப்பான். அதை ஒழிக்கும் பொறுப்பை யாரும் அவரிடம் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் எடுத்துக்கொள்வதுதான் அவர் வழக்கம். துறைமுகச் சுங்க இலாகாவில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்து மட்டும்தான், அதட்டலிலிருந்து அல்ல. பேப்பர் போடுகிறவரிடம்கூட "இதுல என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார்.

மருமகள் அதே துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, காலுக்குக் கீழேயும் கண்ணாடி, அதற்கும் கீழே கப்பல். லாரி நீளத்துக்கு இருக்கும் இரும்புப் பெட்டிகளை விரல் நுனியால் கைப்பிடியை அசைத்தே தூக்கி, முட்டையை வைப்பது போல வைப்பாள். குழந்தை பிறந்ததிலிருந்து தரையில் இருக்கிறாள். தரை அவளுக்குச் சரிப்படவில்லை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் கூரைகளுக்கு மேலே கிரேனின் மஞ்சள் கழுத்து தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே ஒரே தட்டை மூன்று தடவை துலக்குவாள்.

மேற்பார்வையாளர் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "திங்கட்கிழமை நீ மேல ஏறணும். ஏறலைன்னா புதுக் கிரேனை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

ஏறுவதில் சிக்கல் இல்லை. குழந்தையை எங்கே விடுவது? துறைமுக வாசலுக்கு எதிரே ஒரு குழந்தைகள் காப்பகம் இருந்தது. அதில் ஓர் இடம் காலி. நடத்துகிற பெரிய டீச்சர் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். சூப்பான் கூடாது.

"ஒண்ணு உள்ள வந்தா போதும், பிடுங்கிப் பிடுங்கி எல்லா வாயிலயும் ஒரு சுத்து வந்துடும். ஒருத்திக்குச் சளி பிடிச்சா எல்லாருக்கும் லீவு. சனிக்கிழமை மதியம் கூட்டிட்டு வாங்க. சூப்பான் இல்லாம இங்க தூங்கிட்டா இடம் உங்களுக்கு. தூங்கலைன்னா, பழக்கம் விட்டப்புறம் பாத்துக்கலாம்."

இன்று சனிக்கிழமை.

குழந்தைக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை யாரும் கூப்பிடுவதில்லை. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு, அறை அறையாகப் பார்வையிட்டு, எதிலும் திருப்தி இல்லாமல் திரும்பி வரும் பெண் என்பதால் மேனேஜர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. இரண்டு வயது முடிந்திருந்தது. எந்நேரமும் வாயில் சூப்பான். அதற்கு மேனேஜர் சூட்டிய பெயர் 'ப்பூ'. சுருட்டுப் பிடிக்கும் முதலாளி மாதிரி அதை வாயோரத்துக்குத் தள்ளிவிட்டுத்தான் பேசுவார். மேனேஜரை 'அவள்' என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் நா எழுவதில்லை.

*

காலை உணவு முடிந்ததும் மாமனார் மேசையை இழுத்துக் கூடத்தின் நடுவில் போட்டார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையவில்லை. மகனையும் மருமகளையும் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார். மேனேஜர் தன் குட்டி நாற்காலியில் அமர்ந்து, ப்பூவை மென்றபடி ஏற்பாடுகளைக் கவனித்தார்.

"அறிவிக்க வேண்டியது ஏதாவது இருக்கா?"

"அப்பா, கீழ கடை திறக்கணும். சனிக்கிழமை, கூட்டம் வரும்," என்றான் மகன். வீட்டுக்குக் கீழேயே அவனுடைய சலூன்.

"கேட்ட கேள்விக்குப் பதில். இருக்கா, இல்லையா?"

"இல்ல."

"நீம்மா?"

"வாயில ஒண்ணு இருக்கு மாமா. அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"தானா முன்வந்து சொன்னா மன்னிப்பு உண்டு. நானா கண்டுபிடிச்சேன்னா..."

அவர் முடிக்கவில்லை. முடிக்காமல் விடுவது இலாகாவில் கற்ற வித்தை. முடித்துவிட்டால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்பது தெரிந்துவிடுமே.

சோதனை ஆரம்பித்தது. சோபா மெத்தைக்கு அடியில் ஒன்று அகப்பட்டது. மாவு டப்பாவில் ஒன்று, மாவோடு மாவாக. மாமனார் படியிறங்கிச் சலூனுக்குப் போனார். திரும்பி வரும்போது அவர் கையில் மகனுடைய பவுடர் டப்பா இருந்தது. மூடியைத் திறந்து பஞ்சைத் தூக்கினார். கீழே, பனி மூடிய மலை போல, ஒரு சூப்பான்.

"அது... ரொம்ப நாளா அங்கயே கிடக்குதுப்பா."

"நேத்து வாங்கின பவுடர் டப்பா இது. சீல் ஒட்டின பிசின் இன்னும் காயல."

மேனேஜர் சிரித்தார். யார் மாட்டினாலும் அவருக்குச் சந்தோஷம்தான்.

மருமகள் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள், ஹெல்மெட் பக்கம் போகக் கூடாது என்று. மாமனார் நேராக ஹெல்மெட் பக்கம் போனார். இரண்டு வருஷமாக ஆணியில் தொங்கும் மஞ்சள் ஹெல்மெட். அதை அவள் மட்டும்தான் துடைப்பாள். அவர் உள்பட்டையை விரலால் நெம்பினார். பச்சை நிறச் சூப்பான் ஒன்று மேசையில் வந்து விழுந்து, ஒரு தடவை துள்ளி, அவளைப் பார்த்தபடி நின்றது.

"இது எப்படி மாமா அங்க போச்சு..."

"இதே வாக்கியத்தை நான் பத்துப் பதினஞ்சு பாஷையில கேட்டிருக்கேன்மா."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. கிரேனுக்குப் போக வேண்டும் என்று வீட்டில் அதிகம் துடிப்பது அவள். சூப்பானை நிறுத்தியே ஆக வேண்டும் என்று முதலில் சொன்னதும் அவள். ஆனால் கடைத்தெருவிலோ டாக்டர் அறையிலோ மேனேஜர் குரலை உயர்த்தினால், எந்த அழுகையையும் ஒரே நொடியில் அணைக்கும் சுவிட்சு அது ஒன்றுதானே. நாற்பது டன் பெட்டியை அந்தரத்தில் நிறுத்தத் தெரிந்தவளுக்கு அந்த அழுகையை நிறுத்தத் தெரியவில்லை.

கடைசியாக, வாயில் இருந்தது. மாமனார் மேனேஜர் முன் குனிந்து கையை நீட்டினார். மேனேஜர் யோசித்தார். மேசை மேல் இருந்த பிளாஸ்டிக் பையும், பழுப்பு டேப்பும், ரப்பர் முத்திரையும் அவரை ரொம்பவும் கவர்ந்திருந்தன. வேலையை விட்டு வரும்போது மாமனார் ஞாபகார்த்தமாகக் கொண்டுவந்த இலாகா முத்திரை அது. அதை வாசல் காவலைத் தாண்டி எப்படிக் கொண்டுவந்தார் என்று யாரும் கேட்பதில்லை.

'ப்ளக்' என்று வாயிலிருந்து எடுத்து, மேனேஜர் தாமே ப்பூவைப் பைக்குள் போட்டார். மாமனார் பையை மடித்தார், டேப்பைச் சுற்றினார், முத்திரையை ஓங்கி 'டப்' என்று குத்தினார்.

"டப்!" என்றார் மேனேஜர், பரவசமாக.

பிறகு உடனே பைக்குக் கையை நீட்டினார். "ப்பூ."

மாமனார் விரலை உயர்த்தினார். "ம்ஹும். பறிமுதல் பண்ண பொருளை எந்த அதிகாரியும் வாயில வெக்க மாட்டான். தாத்தா வெச்சேனா? பாரு, வெக்கல."

மேனேஜர் தாத்தாவின் வாயை உற்றுப் பார்த்தார். உண்மைதான், இல்லை.

"மாமா, அப்படியே குப்பை வண்டியில போட்டுடலாம். வண்டி இப்பத்தான் தெருமுனைக்கு வந்திருக்கு," என்றாள் மருமகள்.

"விசாரணை முடியாம சொத்தை அழிக்கறதா? விதி அப்படி இல்லம்மா. நீ கிரேனைப் பாரு. இதை என்கிட்ட விடு."

பையை மேனேஜர் கண்ணெதிரிலேயே தன் அறை அலமாரியின் உச்சியில் வைத்தார். சுங்க இலாகாவில் அது நடைமுறையாக இருக்கலாம். இரண்டு வயதுக்காரரிடம், பொக்கிஷம் இருக்கும் இடத்தை விரல் நீட்டிக் காட்டிவிட்டு வருகிற அதிகாரி அந்த இலாகாவில்கூட வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்.

அதன் பிறகு வீட்டில் ஒரே திசைதான். மேனேஜர் அலமாரியின் கீழே போய் நிற்பார், அண்ணாந்து பார்ப்பார், அழுவார். ஓய்ந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சமையலறை வரை ஒரு நடை. திரும்ப அலமாரி. முதலில் மனு, அடுத்து கோரிக்கை, அப்புறம் கண்டன ஆர்ப்பாட்டம். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரின் ஒரே பக்கத்தை வெகு நேரம் படித்தார். அந்தப் பக்கத்தில் இருந்தது முழுக்கக் குளிர்சாதனப் பெட்டி விளம்பரம்.

"கீழ அப்பா கடைக்குப் போலாமாடி?" என்று மருமகள் தூக்கிக்கொண்டாள். தோளில் ஈரம் ஊறியது.

*

சலூனில் கூட்டம். மேனேஜர் விம்மிக்கொண்டே உள்ளே வந்ததும் விஷயம் ஒரு நொடியில் எல்லாருக்கும் தெரிந்து, எல்லாரும் நிபுணர்கள் ஆனார்கள்.

முதல் நாற்காலியில் வங்கி அதிகாரி. ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது, மறு கன்னத்தில் நுரை. "பழக்கம்ங்கிறது மனசுலதாம்மா இருக்கு. என் பையனுக்கு நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். அன்னியோட சூப்பானை விட்டான்."

"இப்ப எப்படி சார் இருக்கான்?"

"ஜம்முனு இருக்கான். பெரிய கம்பெனி. நகம் மட்டும் கடிப்பான். கை குலுக்கினா எதிராளிக்கே பாவமா இருக்கும்."

அடுத்த நாற்காலியில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், தலையில் சாயம், சாயத்தின் மேல் பிளாஸ்டிக் தொப்பி. "ஒரேயடியா நிறுத்தறதெல்லாம் தப்பு தங்கச்சி. படிப்படியா குறைக்கணும். சிகரெட்டை நான் அப்படித்தான் விட்டுட்டு வரேன்."

"எப்பலேருந்து?" என்றான் கணவன், கத்தரிக்கோலை நிறுத்தாமல்.

"பதினஞ்சு வருஷமா."

மேனேஜர் அழுகையை நிறுத்திவிட்டு அவர் முன்னால் போய் நின்றார். மேலும் கீழும் பார்த்தார். சட்டைப் பைக்கு வெளியே எட்டிப் பார்த்த சிகரெட்டை நோக்கி விரலை நீட்டினார்.

"ப்பூ!"

சலூனே சிரித்தது. நுரைக் கன்னம் அதிகமாகச் சிரித்து, வாய்க்குள் நுரை போய்விட்டது. டிரைவிங் ஸ்கூல்காரர் துண்டை இழுத்துப் பையை மூடிக்கொண்டார். மேனேஜரும் எல்லாரையும் பார்த்து, கன்னத்தில் கண்ணீர்க் கோடு காயாமலே சிரித்தார். பறிமுதலுக்குப் பிறகு முதல் சிரிப்பு.

கணவன் அவளை ஓரமாக இழுத்தான். "இங்க பாரு, ஒண்ணே ஒண்ணு வாங்கி வெச்சுக்கட்டுமா? கொடுக்க மாட்டேன். சும்மா ஒரு தைரியத்துக்கு."

"வேண்டாம். இன்னிக்குக் கெட்டுச்சுன்னா என் கிரேன் போச்சு. புரியுதா உங்களுக்கு?"

"புரியுது, புரியுது."

"சத்தியமா?"

"கையில கத்தி இருக்கு. இப்பப் போய் சத்தியம் கேக்கறியே."

இவ்வளவு கறாராகப் பேசிவிட்டு, பால் வாங்குகிறேன் என்று குழந்தையை அவனிடம் விட்டுப் போனவள், பால் கடைக்குப் பக்கத்து மருந்துக் கடையில் ஒரு சூப்பான் வாங்கினாள். யாரும் பார்க்கவில்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குனிந்து, காலுறைக்குள் செருகினாள்.

"என்னவோ தெரியல, இன்னிக்கு இதுக்கு ஒரே கிராக்கி," என்றார் கடைக்காரர், சில்லறை எடுத்தபடி.

அவள் காதில் அது விழவில்லை. காலுறையில் உறுத்துவதை மட்டுமே உணர்ந்துகொண்டிருந்தாள். கொடுக்க மாட்டேன், சும்மா ஒரு தைரியத்துக்கு, என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். இதே வசனத்தைக் கொஞ்ச நேரம் முன்னால் யாரோ சொன்னார்களே என்ற நினைப்பு வந்தது. அதைப் பால் பாக்கெட்டோடு பைக்குள் போட்டுவிட்டாள்.

*

காப்பகம் ஒரு பழைய கிடங்கின் முன்பாதி. சுவர் முழுக்கச் சாயத்தில் தோய்த்துப் பதித்த சின்னச் சின்னக் கைகள். உள்ளறையில் திரைகள் இழுத்துவிடப்பட்டு, குட்டி மெத்தைகள் வரிசையாகக் கிடந்தன. மற்ற குழந்தைகள் அதற்குள் பாதித் தூக்கத்தில். ஒரு பையன் தன் செருப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினான்.

பெரிய டீச்சர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். பேசும்போது குரல் மெல்லியது. ஆனால் எதிரில் இருப்பவர்கள் தானாகவே நிமிர்ந்து நிற்பார்கள்.

"பெரியவங்க மூணு பேரும் வெளிய உக்காருங்க. கதவைத் திறந்தே வெச்சிருக்கேன். யாராவது எட்டிப் பாத்தீங்கன்னா உங்களைத்தான் வீட்டுக்கு அனுப்புவேன். குழந்தையை இல்ல."

கடைசி வார்த்தைகளைச் சொன்னபோது மாமனாரை ஒரு கணம் கூர்ந்து பார்த்தார். மாமனார் அதைத் தன் தோற்றத்துக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டு காலரைச் சரிசெய்தார்.

வராந்தாவில் குழந்தைகள் உட்காரும் பெஞ்சுதான் இருந்தது. மூவரும் உட்கார்ந்தபோது முட்டிகள் தாடையைத் தொட்டன.

உள்ளிருந்து மேனேஜர் குரல், நிதானமாக: "ப்பூ."

"இங்க அது இல்லடா."

"ப்பூ குடு."

"இல்லையே ராஜாத்தி. படுத்துக்கோ, நான் தட்டிக் கொடுக்கறேன்."

கொஞ்ச இடைவெளி. இந்த இடைவெளியை வெளியே மூவரும் அறிவார்கள். மூச்சை உள்ளே இழுக்கிற இடைவெளி. இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போகும். அது எவ்வளவு நீளமோ அவ்வளவு பெரிதாக வெடிக்கும்.

வெடித்தது.

கணவன் எழுந்தான். "நான் கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வரேன்."

"உக்காருடா," என்றார் மாமனார். பிறகு அவரே எழுந்தார். "எனக்குத்தான் தொண்டை காயுது."

"ரெண்டு பேரும் உக்காருங்க!" என்றாள் மருமகள். தன் கை கணுக்காலுக்கு எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை. அழுகை ஒவ்வொரு படியாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. வராந்தாவிலிருந்தே கிரேன் தெரிந்தது. அதன் கூண்டில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அங்குல ரப்பர். உள்ளே வீசினால் சத்தம் நிற்கும், கிரேனும் போகும். வீசாவிட்டால், தூங்காமல் அழுதே தீர்த்தால், அப்போதும் கிரேன் போகும். அப்படிப் போவதென்றால் குழந்தை அழாமலாவது இருக்கட்டுமே என்று விரல்கள் காலுறைக்குள் நுழைந்தன.

அப்போதுதான் அழுகை நின்றது.

வாசலில் மேனேஜர் நின்றிருந்தார். ஒரு காலில் காலுறை, மறு காலில் இல்லை. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. ஓடிவந்து அம்மாவின் மடியில் விழ வேண்டும் என்றுதான் புறப்பட்டிருப்பார். ஆனால் மூவரின் முகங்களையும் கண்டதும் நடை தயங்கிற்று. இந்த முகங்களை அவர் காலையில்தான் பார்த்திருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம். மாட்டிக்கொள்வதற்குச் சற்று முன்னால்.

கைகள் மெதுவாகப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன.

"இருக்கா?" என்றார் மேனேஜர்.

மேனேஜரைப் பிடிக்கப் பின்னாலேயே வந்த பெரிய டீச்சர் கதவருகில் நின்றுவிட்டார்.

"இல்லடா கண்ணு," என்றான் கணவன்.

"கை."

கணவன் கைகளைத் தூக்கினான். அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததால் சட்டைப் பை எட்டுகிற உயரத்தில்தான் இருந்தது. சீப்புக்குப் பின்னால் ஒரு நீலச் சூப்பான்.

"நீங்க சத்தியம் பண்ணலைங்கிறது இப்பத்தான் ஞாபகம் வருது," என்றாள் மருமகள்.

மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். "அம்மா. இருக்கா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த ஈரக் கண்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கத் தயாராக இருந்தன. அவள் காலுறையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"இருக்கும்மா."

"தானா முன்வந்து சொல்லிட்டா. மன்னிச்சுடலாம்," என்றார் மாமனார், பெருந்தன்மையாக.

மேனேஜர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "தாத்தா. கை."

"நானா? நான் அதிகாரிடா."

"கை!"

வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் கைகளைத் தூக்கிப் பார்த்தவர், தூக்கினார். மேனேஜர் அவசரப்படவில்லை. சட்டைப் பை, சரி. கால்சட்டைப் பை, சாவி. ஷூவைத் தட்டினார். இடுப்பில் தொங்கிய மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் தட்டினார். கடகட என்றது. கண்ணாடி மூக்கின் மேல் இருக்கிறது, கூட்டுக்குள் எது கடகடக்கிறது? பித்தானை அழுத்தினார். திறந்தது. விலைச் சீட்டுகூடக் கிழிக்காத புத்தம் புதுச் சூப்பான்.

மாமனாரின் கைகள் இன்னும் மேலேயே இருந்தன.

"அப்பா!" என்றான் மகன்.

"குழந்தை அழுதா யாருக்குடா தாங்குது?" என்றார் மாமனார் கூரையைப் பார்த்து.

இப்போது மேனேஜர் கையில் மூன்று ப்பூக்கள். காலையிலிருந்து ஒன்றுக்காக அழுதவர். அதில் ஒன்றை மெல்ல உதட்டருகே கொண்டுபோனார். முகர்ந்தார். தடுக்க வேண்டும் என்று மருமகளின் உடம்பு எழுந்தது. எப்படியோ அவள் அதை உட்கார வைத்தாள்.

மேனேஜர் தாத்தாவின் வாயைப் பார்த்தார். அங்கே ப்பூ இல்லை. அப்பாவின் வாய், அம்மாவின் வாய், இல்லை. டீச்சர் வாயிலும் இல்லை. கையிலிருந்ததை ஒரு தடவை பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"பை," என்றார்.

பெரிய டீச்சர் ஒரு வார்த்தை கேட்காமல் அலமாரியிலிருந்து ஒரு காகிதப் பை கொண்டுவந்தார். மேனேஜர் மூன்றையும் போட்டார். வாயைச் சுருட்டினார். தரையில் வைத்து, குட்டி முஷ்டியை ஓங்கி, 'டப்!' என்று ஒரு குத்து. பிறகு அதைத் தூக்கி டீச்சரிடம் நீட்டி, அலமாரி உச்சியைக் காட்டினார்.

"மேல வை."

வைக்கப்பட்டது.

மேனேஜர் தம் மெத்தைக்குத் திரும்பிப் போனார். உடனே தூங்கிவிட்டார் என்று சொன்னால் அது பொய். இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்து அலமாரியைச் சரிபார்த்தார். போர்வை நுனியைக் கொஞ்சம் சப்பிப் பார்த்து, பிடிக்காமல் துப்பினார். டீச்சரின் விரல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தம் பாஷையில் நீண்ட அறிக்கை ஒன்று வாசித்தார். அறிக்கையின் நடுவிலேயே வார்த்தைகள் குழைந்து, வாய் திறந்தபடி, நாள் முழுக்கக் கப்பல் கப்பலாகச் சோதனை போட்டுக் களைத்த அதிகாரியைப் போலக் கை கால்களைப் பரப்பிக்கொண்டு தூங்கிப்போனார்.

மருமகள் நிபந்தனையை மறந்து எட்டிப் பார்த்தாள். சூப்பான் இல்லாமல் தூங்குகிற அந்த முகத்தை அவள் அதிகம் பார்த்ததில்லை. அவ்வளவு சின்ன உதடுகள். சிரிப்பு வந்தது. கணவன் அவள் தோளில் கை வைத்து மூக்கை உறிஞ்சினான்.

"என்ன, அழறீங்களா?"

"முடி விழுந்துடுச்சு கண்ணுல."

"இங்க எங்கங்க முடி?"

*

"திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க," என்றார் பெரிய டீச்சர், வராந்தாவுக்கு வந்து. "இடம் அவளுக்குத்தான். ஆனா குழந்தையைச் சோதனை போட மாட்டேன். உங்க மூணு பேரைத்தான் தினமும் வாசல்ல சோதனை போடுவேன்."

மருமகள் இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வார்த்தை வரவில்லை.

மாமனாருக்கு வந்தது. தொண்டையைச் செருமினார். "இன்னிக்கு நடந்தது ஒரு சின்ன விதிவிலக்கு. என் சர்வீஸ்ல, என் மேசையைத் தாண்டி ஒரு பொருள் போனதா சரித்திரமே இல்ல. நீங்க யாரை வேணா கேக்கலாம்."

"எதுக்குக் கேக்கணும்? எனக்கே தெரியும்." பெரிய டீச்சர் புன்னகைத்தார். "உங்களை உள்ள நுழையறப்பவே அடையாளம் தெரிஞ்சுது. பயணிகள் கப்பல். பச்சை சூட்கேஸ். முழுசையும் மேசையில கொட்டினீங்க. சூட்கேஸோட உள்துணியைக்கூடக் கிழிச்சுப் பாத்தீங்க. எனக்குப் பின்னால நின்னவங்க எல்லாரும் வேடிக்கை பாத்தாங்க."

மாமனார் நிமிர்ந்தார். "கடமை. என்ன கிடைச்சுது?"

"ஒண்ணும் கிடைக்கல. போகலாம்னு சொன்னீங்க."

"அப்போ சரி. விதிப்படி..."

"விதிப்படிதான். ஆனா என்கிட்ட இருந்துச்சு."

மாமனாரின் வாய் திறந்தது. "என்ன இருந்துச்சு?"

"மெதுவா. குழந்தைங்க முழிச்சுக்கும்."

"எங்க இருந்துச்சு?"

பெரிய டீச்சர் அதற்குப் பதில் சொல்லாமல், மிகவும் அன்போடு, கதவைச் சாத்தினார். குழந்தை எழுந்ததும் சொல்லி அனுப்புவதாக மறுபக்கத்திலிருந்து குரல் வந்தது.

தெருவில் இறங்கியதும் மருமகள் மேற்பார்வையாளருக்குப் போன் போட்டாள். "சார், திங்கட்கிழமை நான் ஏறுறேன்!"

"சந்தோஷம். ஒண்ணு சொல்லிடறேன், உனக்கு முதல் ஷிப்டு. விடியறப்பவே வரணும். குழந்தையை யாரு கொண்டு வந்து விடுவா?"

அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் பாதி இறங்கிற்று. இதை யோசிக்கவே இல்லை. காலை நேரம்தான் சலூனில் நெரிசல். கணவனால் நகர முடியாது. மிச்சம் இருப்பது ஒருவர். பால் பாட்டிலும் அணையாடைப் பையும் தூக்கிக்கொண்டு தெருவில் நடங்கள் மாமா என்று அவரிடம் சொல்லும் துணிச்சல் அந்த வீட்டில் யாருக்கும் பிறக்கவில்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"மாமா, ஒரு உதவி..."

"நான் விடறேன்," என்றார் மாமனார்.

"இல்ல மாமா, தினமும் காலையில, பையெல்லாம் தூக்கிட்டு..."

"தினமும் நானே விடறேன். நானே கூட்டிட்டும் வரேன். வேற யாரும் வர வேண்டாம்." அவர் கண்கள் சாத்தியிருந்த அந்தக் கதவின் மேலேயே இருந்தன.

மருமகள் போனை மறுபடியும் காதில் வைத்தாள். "ஆள் இருக்கு சார். ஏறிடறேன்." குரல் தானாகவே உயர்ந்துவிட்டது. எதிர்ப்புறம் மேற்பார்வையாளர் போனைத் தள்ளிப் பிடித்திருப்பார். துறைமுகச் சுவருக்கு மேலே மஞ்சள் கழுத்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெல்லத் திரும்பியது. அந்தப் பெட்டி லேசாக ஆடியதை அவள் கவனித்தாள். திங்கட்கிழமையிலிருந்து ஆடாது.

மாமனார் முன்னால் நடந்துகொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன. "கைப்பிடியைக் கழட்டினேன்... குடையை விரிச்சேன்... பவுடர் டப்பா, அதுவும் பாத்தாச்சு..."

நடுத்தெருவில் சட்டென்று நின்றார்.

"குதிகால்! செருப்போட குதிகாலைத் தட்டிப் பாத்தேனா?"

பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியை அடித்தார், அப்புறம் இன்னும் பலமாக அடித்தார். மாமனார் நகரவில்லை.